பட்டாணியின் வலது செருப்பு

பட்டாணியின் நடையை எப்படி உருவாக்கினேன் என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி யாழினி கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பட்டாணி வரும் பழைய கார்ட்டூன் தொடரைப் புதிதாக எடுக்கிறார்கள், அவர்தான் இயக்குநர். அதோடு ஒரு புத்தகமும் போடுகிறார்கள். அதில் என் போட்டோவுடன் வரவேண்டிய கட்டுரை இது. தினமும் காலையில் நோட்டைத் திறந்து, 'ஆவடியில் எங்கள் தெருவில் குமார் என்று ஒரு பையன் இருந்தான்' என்று முதல் வரியை எழுதுவேன். பிறகு டீ குடிக்க எழுந்து போய்விடுவேன். இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய வரி அது. எழுத உட்கார்ந்தால் மட்டும் அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது.

இன்று வந்துதான் ஆகவேண்டும். நாளை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் புதிய பட்டாணி எப்படி நடப்பாள் என்று முடிவு செய்கிறார்கள். அதற்குள் இது யாழினியின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். நடப்பாள் என்றுதான் எழுதியிருக்கிறேன். பழைய தொடரில் பையனாக இருந்த பட்டாணி, புதிய தொடரில் பெண் பிள்ளை.

பட்டாணியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்து வயது. மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கும் அம்மாவின் ஒரே பிள்ளை. கடைக்குக் கடை சேதி கொண்டுபோவான், சண்டையை விலக்கிவிடுவான், சில நாள் மூட்டியும் விடுவான். கதை சுமார்தான். ஆனால் அவன் நடையைப் பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வலது காலைத் தரையோடு தேய்த்து மெதுவாகக் கொண்டுவருவான். இடது காலை வெடுக்கென்று எடுத்து முன்னால் வைப்பான். முகவாய் மட்டும் மேலே தூக்கியே இருக்கும், எனக்கென்ன என்பதுபோல. எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றாலும் நாலு பிள்ளைகள் அப்படி நடந்து போவதைப் பார்க்கலாம். அதனால் எனக்கு 'பட்டாணி கோபி' என்றே பெயர்.

முழுப்பெயர் கோபிநாதன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்த அனிமேஷன் கம்பெனியில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் ஆவடியில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். சேர்ந்த புதிதில், பெரியவர்கள் வரைந்த ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே வரவேண்டிய படங்களை வரையும் வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை, அதன்மேல் தாளுக்கு மேல் தாள், கை ஒரு நூல் நகர்ந்திருக்கும், தலை ஒரு நூல் திரும்பியிருக்கும். நாலு வருடம் அப்படியே ஓடிவிட்டது. கீழே இரும்பு கடையும் சத்தம் நின்றால்தான் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்று தெரியும்.

நான் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து மல்லிகா சேர்ந்தாள். மரியாதையாக 'அவர்' என்று எழுதப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. மனசுக்குள் எப்போதும் 'அவள்'தான். நூம்பலில் பயிர் வைக்கும் குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவாள். எனக்கு எதிர் மேசை. நான் ஒரு கையை நாலு தடவை அழித்து வரைவேன். என் மேசைக்கடியில் ரப்பர் தூளைப் பெருக்கி அள்ளுவார்கள். அவள் மேசைக்கடியில் தூசி இருக்காது. கோடு போட்டால் போட்டதுதான்.

அவள் கசக்கிப் போட்ட தாள்களை நான் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, டிபன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். பாய்க்கு அடியில் வைத்து நீவி எடுத்துப் பார்ப்பேன். அவள் வேண்டாமென்று எறிந்தது நான் முடித்துக் கொடுத்ததைவிட நன்றாக இருக்கும். அதைப் பார்த்தபிறகு சோறு இறங்காது. இதை ஆர்வம், போட்டி மனப்பான்மை என்றெல்லாம் பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் கிடையாது. வயிற்றெரிச்சல்தான்.

எங்கள் இயக்குநர் வரதன் சார். அவர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். நாங்கள் வரைந்த தாள்கட்டை வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, ஐந்து விரலுக்கு நடுவே தாள்களைச் சரசரவென்று விட்டுப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் கட்டைக் குப்புறத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து வரையவேண்டும். ஏன் என்று கேட்டால், "நடந்து காட்டு" என்பார். அது அவர் வைத்திருந்த சட்டம். ஓடுவதை வரைந்தவன் ஓடிக் காட்டவேண்டும், வழுக்கி விழுவதை வரைந்தவன் வழுக்கி விழுந்து காட்டவேண்டும். மேசைகளுக்கு நடுவே படிக்கட்டு வரை நீளமாக ஒரு வழி இருந்தது. அங்கே நடந்து மாட்டிக்கொள்ளாதவர்கள் எங்களில் யாருமில்லை. உடம்பில் இல்லாதது கையில் வராது என்பது அவர் கட்சி.

பட்டாணி தொடர் வந்தபோது சார் என்னையும் மல்லிகாவையும் கூப்பிட்டார். "ஒரு வாரம் டைம். ரெண்டு பேரும் இந்தப் பையனை நடக்க வெச்சுக் கொண்டு வாங்க. எது நிக்குதோ அவங்க தொடருக்கு மெயின் ஆர்ட்டிஸ்ட். இன்னொருத்தர் அவங்க கோட்டைச் சுத்தம் பண்ணிக் குடுப்பாங்க" என்றார். மெயின் ஆர்ட்டிஸ்ட் கிறுக்கலாக வரைவதைச் சுத்தமான ஒற்றைக் கோட்டில் எடுத்து எழுதுவது அந்த இன்னொருத்தர் வேலை. காலம் முழுக்க அவள் கோட்டின்மேல் நான் கோடு போடுவதை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பேசாமல் ஆவடிக்கே போய் போர்டு எழுதலாம்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் நாலு கட்டு கொண்டுபோனேன். நாலும் குப்புறப் படுத்தன. வியாழக்கிழமை காலை மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். மல்லிகா பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நேரமாகிவிட்டிருந்தது. இடுப்பில் பைல், வலது காலைத் தரையோடு தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவருகிறாள். போன நேரத்தைப் பிடிக்க இடது காலை வெடுக்கென்று வைக்கிறாள். டீக்கடையில் நிற்கும் லேத் பட்டறை ஆட்கள் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று முகவாயைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

உள்ளே தூசி வரக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவோம். அவள் உள்ளே போனபின் போய்ப் பார்த்தேன். வலது செருப்பின் பக்கவார் பிய்ந்து, ஓர் ஊக்கு குத்தியிருந்தது. நேராக வந்து மேசையில் உட்கார்ந்தேன். ஒருவர் இரண்டு அடி வைக்க நாங்கள் பன்னிரண்டு படம் வரைவோம், காலுக்கு ஆறு. நான் வலது காலுக்கு எட்டும் இடது காலுக்கு நாலும் போட்டேன். ரப்பரைத் தொடவே இல்லை. செருப்பை மட்டும் வெறும் செருப்பாக வரைந்தேன். ஊக்கைப் போடவில்லை. போட்டால் அது யாருடைய செருப்பு என்று தெரிந்துவிடும்.

சனிக்கிழமை இரண்டு நடையையும் கேமராவில் பிடித்து டிவியில் ஓடவிட்டார்கள். மல்லிகாவின் பட்டாணி முதலில் வந்தான். ஆறும் ஆறும், தண்ணீர் ஓடுகிறமாதிரி நடந்தான். சார் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நல்லா நடக்கிறான். எல்லாரும் இப்பிடித்தான் நடப்பாங்க" என்றார். பிறகு என்னுடையது. மூன்று தடவை ஓட்டச் சொன்னார். என்னைப் பார்த்து, "நடந்து காட்டு" என்றார்.

வெறுங்காலில், சிமெண்டுத் தரையில், காலில் இல்லாத அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு படிக்கட்டு வரை நடந்து திரும்பி வந்தேன். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருடா இது?" என்று கேட்டார்.

'இதோ, மல்லிகாதான் சார்' என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. யாரையாவது பார்த்து வரைவதுதான் எங்கள் பிழைப்பே. சார் சந்தோஷப்பட்டிருப்பார், வேலையும் எனக்கே வந்திருக்கும். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவளை ஜெயிக்கிறேன், அதிலும் அவள் பங்கு இருப்பதா என்று உள்ளே எரிந்தது.

"எங்க தெருப் பையன் ஒருத்தன் கீறான் சார். குமார்னு பேரு" என்றேன்.

"நல்லா கீது கோபி" என்றாள் மல்லிகா. "அந்தப் பையன ஒரு நாள் கூட்டிகினு வாயேன், பாக்கணும்."

அன்று பிறந்த குமார் லேசில் சாகவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது, "இன்னா கோபி, குமார் எப்பிடிகீறான்?" என்று கேட்பாள். அவனைப் பத்தாவது பாஸ் பண்ண வைத்தேன். ஐடிஐயில் சேர்த்தேன். ஒரு வருடம் மஞ்சள் காமாலை வரவழைத்து, ஆளை இளைக்க வைத்து, அதனால்தான் கூட்டிவர முடியவில்லை என்றேன். வேலைக்கு அனுப்பினேன், திருத்தணியில் கல்யாணம் செய்து வைத்தேன். "பத்திரிகையே வெக்கலியே" என்று கோபித்துக்கொண்டாள். வெள்ளந்தியாகக் கேட்கிறாள் என்று நினைத்து, அவளுக்கு இவ்வளவு தூரம் பொய் சொல்கிறோமே என்று எப்போதாவது கொஞ்சம் வருத்தம்கூடப் படுவேன்.

மனிதன் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கலாம், தன் நடையை எங்கே போய்ப் பார்ப்பான்? அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். பதினோரு வருடம் அவள் என் கிறுக்கலைச் சுத்தம் செய்து கொடுத்தாள். தன் நடையைத் தானே ஆயிரக்கணக்கான தாள்களில் எழுதினாள். நான் அவள் கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டேன். ஜெயிக்கும்வரை அவள் குப்பையைக்கூடப் பார்த்தவன், ஜெயித்தபின் அவள் கோட்டைப் பார்ப்பதை விட்டேன். பார்த்தால் மறுபடி சோறு இறங்காது. பிறகு அவள் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரிக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள். விடுதலை என்றுதான் நினைத்தேன்.

இப்போது கம்பெனி வேலப்பன்சாவடியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. புதிய தொடரின் இயக்குநர் யாழினி. கோயம்புத்தூர்ப் பெண், குத்தம்பாக்கம் பக்கம் பிளாட் வாங்கிக்கொண்டு வந்தவர். ஒரு மாதத்துக்கு முன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்குக் குளிர்ந்துபோயிற்று. பின்னால் மல்லிகா வந்தாள். பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள்போல. "மேடம், மேடம்" என்று ஓடினார்கள். கைதட்டலைவிட அந்தச் சத்தம் பெரியது. என் நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலில் என்னை அந்த நடையை நடந்து காட்டச் சொன்னார்கள். முட்டி வலியோடு நடந்தேன். எல்லோரும் போனில் பிடித்தார்கள். மல்லிகா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

பிறகு யாழினி சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். சின்ன வயசுல எங்க வீட்டுல அண்ணன் பட்டாணி மாதிரி நடந்தா எல்லாரும் சிரிப்பாங்க. நான் நடந்தா அடி விழும். அதனாலதான் பட்டாணிய பொண்ணா எடுக்கணும்னு நான் சண்டை போட்டேன். ஆனா இதே நடைய வெச்சு ஓட்டிப் பாத்தா, பையனுக்குக் கவுன் போட்டுவிட்ட மாதிரி இருக்குன்னு சேனல்ல சொல்றாங்க. எனக்கே அப்படித்தான் தோணுது. பொண்ணு யாரும் இப்படி நடக்க மாட்டாங்க சார். அதனால பொண்ணுக்குப் புதுசா ஒரு நடை, மல்லிகா மேடம் வரையட்டும்."

'ஒரு பெண்தான் இப்படி நடந்தாள், இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்' என்று நான் சொல்லவேண்டிய இடம் அது. சொன்னால் நடை பிழைத்துக்கொள்ளும், ஆனால் அவளுடையதாகிவிடும். சொல்லாவிட்டால் நடை போய்விடும், போனாலும் என் பெயரில் போகும். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒளிக்கப்போவதில்லை. நடை செத்தாலும் பரவாயில்லை, அவளுக்குப் போகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"பொம்பளப் புள்ள நடைன்னா எப்பிடிம்மா வேணும் உனக்கு?" என்று மல்லிகா கேட்டாள்.

"இயல்பா இருக்கணும் மேடம்."

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "கோபி, குமாருக்குத் தங்கச்சி யாருனா கீதா?" என்றாள். குமார் கதை ஊருக்கே தெரியும் என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்தத் திங்கட்கிழமை அவள் வரைந்த நடையைத் திரையில் ஓட்டினார்கள். ஆறும் ஆறும், தண்ணீர் ஓடுகிறமாதிரி. யாழினி, "நல்லா இருக்கு மேடம்" என்றார். வரதன் சார் அன்று சொன்ன அதே 'நல்லா'. என் வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது.

பாதி டீ குடிப்பதற்குள் அதுவும் போயிற்று. யாழினி புத்தகத்துக்காகப் பெரிதாக்கி வைத்திருந்த பழைய படங்களைத் திரையில் போட்டார். பட்டாணியின் வலது செருப்பு மட்டும் சுவர் அளவுக்கு வந்தது. வார் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இருப்பதை எப்போதோ பார்த்திருக்கிறேன், மடிப்பு என்று நினைத்திருந்தேன். இவ்வளவு பெரிதாக்கியபின் அது மடிப்பு இல்லை. தலை, வளைவு, முனை எல்லாமே இருந்தது. ஊக்கு.

"எல்லாப் படத்துலயும் இருக்கு சார்" என்றார் யாழினி. "செருப்பு அறுந்திருக்கு, அதான் காலைத் தேய்க்கிறான். இத்தனை வருஷமா யாருமே கவனிக்கல. இதப் பத்திக் கட்டுரையில கண்டிப்பா எழுதணும். நீங்க போட்டதுதானே?"

"ஆமாம்மா" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. பழக்கத்தில் வந்துவிட்டது. மல்லிகா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். நான் வரையாத ஊக்கு. அதை வரைய ஒரே ஆளால்தான் முடியும்.

கூட்டம் முடிந்து இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஹைவே தூசி. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, வரும் பஸ்களின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குமாருக்கு ஊக்கு யாரு குடுத்தாங்க?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கே தெரியும். சார் உன்ன நடக்கச் சொன்னாரே, அப்போ."

"தன் நடை தனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"நடை தெரியாதுதான். செருப்பு தெரியும்ல? நீ வெறுங்கால்ல செருப்ப இழுத்துகினு வந்த. அந்தச் செருப்பு என்னுது. ரெண்டு நாளா அத எப்பிடி இழுத்துகினு வந்தேன்னு என் காலுக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சொன்னா உனக்கு இன்னா கேவலம்? எனக்குத்தான் கேவலம்" என்றாள். "ஒரு வாரம் மார்க்கெட்ல போய் நின்னுகினு, பசங்க எப்பிடி நடக்குறாங்கன்னு பாத்து பாத்து வரைஞ்சேன். என் கால்லயே கீறது எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிச்சு. என்னை வெச்சே என்னைத் தோக்கடிச்சிட்ட. எவ்ளோ எரிஞ்சிது தெரியுமா? அந்த எரிச்சல்லதான் ஊக்கு போட்டேன். ஒவ்வொரு படத்துலயும் போடுவேன், கொஞ்சம் அடங்கும்."

மல்லிகாவுக்கு என்மேல் பொறாமை. இந்த ஒரு செய்தியை அன்றே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இருபத்தைந்து வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். பஸ் ஸ்டாப்பில், அறுபது வயதுக்கு மேல், கையில் மாத்திரைப் பையோடு கேட்கும்போது சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை.

"இப்போ புதுசா வரையச் சொன்னாங்களே, இது என் நடைன்னு அந்த நடையவே குடுத்திருக்கலாமே" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். "ரெண்டு வாட்டி பாத்தேன்."

அவள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

யாழினி, இதுதான் நீங்கள் கேட்ட கட்டுரை. ஆவடியில் எங்கள் தெருவில் குமார் என்று ஒருவன் கிடையாது. திருத்தணியில் கல்யாணமும் நடக்கவில்லை. பொண்ணு யாரும் இப்படி நடக்கமாட்டார்கள் என்றீர்கள். ஒரு பொண்ணு நடந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, செருப்பு அறுந்துவிட்டது, யாருக்கும் தெரியக்கூடாது என்று முகவாயைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் நடந்து வந்தாள். அதை எடுத்துப் பையனுக்குக் கொடுத்தவன் நான். உங்களுக்கு வீட்டில் விழுந்த அடியும் அந்தக் கணக்கில்தான் வரும். நாளை நாலு மணிக்குப் பழைய நடையைப் பட்டாணிக்குத் திருப்பிக் கொடுங்கள். எட்டும் நாலும், ஒரு படம்கூட மாற்றவேண்டாம். ஊக்கையும் எடுத்துவிடாதீர்கள்.

பெயர்கள் வரும் இடத்தில் 'நடை: மல்லிகா' என்று போடுங்கள். அதற்குக் கீழே, 'பார்த்து வரைந்தது: கோபிநாதன்' என்று போட இடம் இருந்தால் போடுங்கள். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். அவள் பெயர் ஒரு நூல் பெரிதாக வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.